கையடக்க ஓசோன் மீட்டர்: சாலையோரம் சைபர் காட்டினால் திருப்பி அனுப்பாதீர்கள்

உள்ளங்கையில் அடங்குகிற ஓசோன் மீட்டர் ஒன்றை ஒரு கோடை முழுக்கவும் அதற்குப் பிறகு சில மாதங்களும் பயன்படுத்திவிட்டு இதை எழுதுகிறேன். கம்பெனிப் பெயரைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. இதே பெட்டி, இதே திரை, இதே கையேடு, மேலே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் மட்டும் வேறு என்று பல பெயர்களில் கிடைக்கிறது. உள்ளே வாயு பட்டால் மின்னோட்டம் தருகிற இரண்டு மின்வேதி செல்கள், ஒரு குட்டி விசிறி, பேட்டரி, போனோடு இணைய ப்ளூடூத், அவ்வளவுதான். ஐந்துக்கு மூன்று ஸ்டார் கொடுப்பேன். மீதி இரண்டு ஸ்டார் எங்கே போயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் மற்றவர்கள் எதற்காக ஒற்றை ஸ்டார் போட்டுத் திட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர்களில் நிறையப் பேர் திட்டியிருப்பது மீட்டர் ஒழுங்காக வேலை செய்த தருணத்தை.

புகார் கிட்டத்தட்ட எல்லாம் ஒரே ரகம். வண்டிகள் புகை கக்குகிற சாலையில் கொண்டுபோய் நீட்டினால் 0 காட்டுகிறது, ஆள் நடமாட்டமே இல்லாத மரத்தடியில் வைத்தால் 45 காட்டுகிறது, ஆகவே டம்மி பீஸ். இப்படி நினைக்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது, கையேட்டின் முதல் பக்கத்திலேயே வாகனங்கள் வெளிவிடும் ஓசோனை உடனுக்குடன் பிடித்துவிடும் என்றுதான் எழுதியிருக்கிறது. அதை எழுதியவர் யாரோ, ஓசோன் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் விசாரித்திருக்கலாம். எந்த சைலன்சரும் ஓசோனை வெளியே தள்ளுவதில்லை. சைலன்சரிலிருந்து வருவது ஓசோன் உண்டாவதற்கான மூலப்பொருள் மட்டும்தான். அது காற்றில் கலந்து, வெயில் பட்டு, கொஞ்ச நேரம் எடுத்து, பல சமயம் கொஞ்ச தூரமும் நகர்ந்துபோய்த்தான் ஓசோன் ஆகிறது.

இந்த வேதியியலைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளாமல் மீட்டரை வாங்கவே கூடாது என்பது என் கட்சி, அதனால் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குள்ளும் கொதிகலனுக்குள்ளும் சூடு ஏறும்போது, காற்றிலேயே இருக்கிற நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து நைட்ரிக் ஆக்ஸைடு ஆகின்றன. அது வெளியே வந்து நைட்ரஜன் டை ஆக்ஸைடாக மாறுகிறது, நகரங்களின் மேல் சில நாள் தெரிகிற அந்தச் செம்பழுப்பு நிறத்தில் இதற்கும் பங்குண்டு. வெயிலில் இருக்கிற, சுமார் 420 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீள ஒளி இதன் மேல் பட்டால் மூலக்கூறு உடைந்து ஓர் ஆக்ஸிஜன் அணு கழன்றுவிடும். தனி அணு சும்மா இருக்காது, பக்கத்தில் கிடைக்கிற ஆக்ஸிஜன் மூலக்கூறோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டோடு ஒன்று மூன்று, அதுதான் ஓசோன். வானத்தின் மேலடுக்கில் நடப்பது வேறு. அங்கே 242 நானோமீட்டருக்குக் கீழே உள்ள கடுமையான புற ஊதாக் கதிர் ஆக்ஸிஜன் மூலக்கூறையே நேரடியாகப் பிளந்து அணுவை எடுத்துக்கொள்கிறது. அந்தக் கதிர் தரைவரை வந்து சேர்வதில்லை. அதனால் இங்கே கீழே அந்த ஒற்றை அணுவைத் தருவதற்கு நடைமுறையில் நைட்ரஜன் டை ஆக்ஸைடை விட்டால் வேறு ஆள் இல்லை.

சரி, அணுவை இழந்தபின் மிச்சம் நிற்கிற நைட்ரிக் ஆக்ஸைடு என்ன செய்யும்? அது ஓசோனைப் பார்த்தால் விடாது. அதிலிருந்து ஓர் அணுவைப் பறித்துக்கொண்டு மறுபடி டை ஆக்ஸைடாகிவிடும். காலையில் வாங்கிய கைமாற்றை மாலையில் திருப்பிக் கொடுத்துவிட்ட கணக்குதான், கையில் எதுவும் மிஞ்சாது. ஓசோன் உண்டாகும், அழியும், மறுபடி உண்டாகும், ஒரு சிறு அளவில் சமநிலை வந்து நிற்கும். இந்தச் சுற்று ஒன்று மட்டும்தான் என்றால் தரைமட்ட ஓசோன் யாருக்கும் தலைவலியாகவே ஆகியிருக்காது.

கணக்கைக் கெடுப்பது மூன்றாவது ஆள், ஆவியாகும் கரிமச் சேர்மங்கள். பெட்ரோல் ஊற்றும்போது மூக்கில் ஏறுகிற ஆவி, பெயின்ட், தின்னர், வார்னிஷ், அச்சு மை, முழுதாக எரியாமல் வெளியேறுகிற எரிபொருள், வாசனை ஸ்ப்ரே எல்லாம் இதில் சேரும். மரங்களும்தான். பல மரங்கள் வெயில் ஏற ஏற ஐசோப்ரீன் என்கிற வாயுவை நிறையவே விடுகின்றன, உலகக் கணக்கில் பார்த்தால் இந்த வகை வாயுக்களில் மனிதன் விடுவதைவிடச் செடிகொடிகள் விடுவதுதான் அதிகம். காற்றில் ஹைட்ராக்ஸில் என்று ஒரு துடுக்கான துணுக்கு இருக்கிறது, அதன் ஆயுளே ஒரு வினாடி அளவுதான். இது கரிமச் சேர்மத்தைத் தாக்கி ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. பிடுங்கப்பட்ட மிச்சம் ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொண்டு பெராக்ஸி ரேடிக்கல் என்கிற இன்னொரு துடுக்கான துணுக்கு ஆகிறது. இந்தப் பெராக்ஸிதான் வில்லன். இது தன்னிடம் இருக்கிற ஆக்ஸிஜன் அணு ஒன்றை நைட்ரிக் ஆக்ஸைடுக்குக் கொடுத்து அதை டை ஆக்ஸைடாக்கிவிடுகிறது. ஓசோனைப் பறித்துத் தின்ன வேண்டிய நைட்ரிக் ஆக்ஸைடுக்கு வேறு இடத்திலிருந்து அணு கிடைத்துவிட்டது, ஆகவே உண்டான ஓசோன் அப்படியே தங்குகிறது. புதிதாக வந்த டை ஆக்ஸைடு வெயிலில் உடைந்து இன்னொரு ஓசோனைத் தருகிறது. கடைசியில் ஹைட்ராக்ஸிலும் திரும்ப வெளியே வந்து அடுத்த மூலக்கூறைத் தேடிப் போகிறது. போதாததற்கு, உண்டான ஓசோனே இன்னும் குறைந்த அலைநீள ஒளியில் உடைந்து, நீராவியோடு சேர்ந்து புது ஹைட்ராக்ஸிலைக் கொடுக்கிறது. வெயில் இருக்கும்வரை சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இப்போது சாலையோர சைபருக்கு வருவோம். வண்டியிலிருந்து புதிதாக வருவது பெரும்பாலும் நைட்ரிக் ஆக்ஸைடு, அதாவது ஓசோனைத் தின்கிற வாயு. நெரிசலான சாலையின் ஓரத்தில் அது ஓசோனை வாரி விழுங்கிவிடும், மீட்டர் கீழே விழுவதுதான் நியாயம். அங்கே ஓசோன் இல்லை என்றால் காற்று சுத்தம் என்று அர்த்தமில்லை, ஓசோனில் இருந்த அணு நைட்ரஜன் டை ஆக்ஸைடாக வேடம் மாறி அங்கேயேதான் நிற்கிறது. உண்மையில் இந்த வகை மீட்டரைச் சோதிக்க இதைவிட நல்ல சோதனை கிடையாது. நல்ல வெயில் நேரத்தில் ஒரு திறந்த வெளியில் எண்ணைப் பாருங்கள், பிறகு நெரிசலான சாலைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். குறைந்தால் மீட்டர் ஓசோனைத்தான் அளக்கிறது.

குறையாவிட்டால் சந்தேகப்படுங்கள், காரணம் சொல்கிறேன். ஓசோனைப் பிடிக்கிற சாதாரண மின்வேதி செல்லுக்கு ஓசோனும் நைட்ரஜன் டை ஆக்ஸைடும் ஒன்றுதான், இரண்டுக்கும் மின்னோட்டம் தரும். சாலையில் ஓசோன் எவ்வளவு குறைகிறதோ ஏறக்குறைய அவ்வளவு டை ஆக்ஸைடு கூடுகிறது என்பதால், ஒற்றை செல் வைத்த மீட்டர் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டிவிட்டு அப்பாவியாக உட்கார்ந்திருக்கும். நான் வைத்திருப்பதில் இரண்டாவது செல்லின் முன்னால் ஓசோனை அழிக்கிற வடிகட்டி இருக்கிறது, அது டை ஆக்ஸைடை மட்டும் அளக்கும், முதல் எண்ணிலிருந்து இதைக் கழித்தால் ஓசோன். நல்ல ஏற்பாடு. ஆனால் பெரிய எண் ஒன்றிலிருந்து இன்னொரு பெரிய எண்ணைக் கழிக்கும்போது பிழையும் பெரிதாகும், சில நேரம் விடை மைனஸில் போகும். அந்த மைனஸை மறைக்க மென்பொருளில் 0 என்று வெட்டிவிட்டிருக்கிறார்கள். அதனால் சைபருக்கு மேலும் கீழும் மூன்று நான்கு என்று ஆடிக்கொண்டிருக்க வேண்டிய எண் அசையாமல் 0 என்று நிற்கிறது, பார்க்கிறவர்கள் செத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். மைனஸ் 4 என்று காட்டியிருந்தால் யாரும் செத்துப்போயிருக்க மாட்டார்கள், மீட்டரின் பிழை எவ்வளவு என்றாவது தெரிந்திருக்கும். இதற்கு அரை ஸ்டார் குறைத்தேன்.

இன்னும் ஒரு ஸ்டார் போனது "புதிய காற்று" பட்டனுக்கு. கையேடு சொல்கிறது: மாதம் ஒருமுறை பூங்காவுக்கோ ஊருக்கு வெளியிலோ போய் இந்தப் பட்டனை அமுக்குங்கள், மீட்டர் தன்னைச் சைபருக்குச் சரிசெய்துகொள்ளும். இது பெரிய அபத்தம். கார்பன் மோனாக்ஸைடு மீட்டரின் கையேட்டிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், அந்த வாயுவுக்கு அது ஓரளவு சரி, திறந்த வெளியில் அது மிகக் கொஞ்சம்தான் இருக்கும். ஓசோனுக்கு ஊருக்கு வெளியே சைபர் என்பதே கிடையாது. நகரத்தின் புகை காற்றோடு நகர்ந்து போகப் போக, ஓசோனைத் தின்கிற புது நைட்ரிக் ஆக்ஸைடு தீர்ந்துவிடும், ஆனால் மூலப்பொருளும் வெயிலும் மிச்சமிருக்கும். அதனால் காற்று போகிற திசையில் பல கிலோமீட்டர் தள்ளி, தொழிற்சாலையே இல்லாத வயல்வெளியில், ஊரின் நடுவில் இருந்ததைவிட அதிகமாக ஓசோன் நிற்பது சர்வசாதாரணம். எந்த ஊரின் புகையும் நேரடியாக வராத இடத்தில்கூட இன்று வட அரைக்கோளத்தில் 30, 40 பிபிபி இருக்கும், பிபிபி என்றால் நூறு கோடி பங்கு காற்றில் ஒரு பங்கு. அங்கே போய்ப் பட்டனை அமுக்கினால் அந்த 40ஐத்தான் மீட்டர் சைபர் என்று நினைத்துக்கொள்ளும். அதன் பிறகு நாள் முழுக்க எல்லா எண்ணும் 40 குறைவு. கெட்ட நாளிலும் பச்சை விளக்குதான் எரியும்.

சைபர் வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். மூடி இறுக்கமாகப் பொருந்துகிற கண்ணாடி டப்பாவில் கொஞ்சம் ஆக்டிவேட்டட் கார்பனோடு மீட்டரை வைத்து மூடி, ஒரு மணி நேரம் விடுங்கள். கார்பன் ஓசோனை அழித்துவிடும். அதற்குள் ப்ளூடூத் வழியாக எண்ணைப் பாருங்கள், அங்கேயே சரிசெய்யுங்கள். நான் இப்படித்தான் செய்கிறேன், எண் ஒழுங்காக நிற்கிறது.

பழைய அளவுகளைப் பார்த்தால் பின்னணி அளவே எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது தெரியும். பாரிஸில் உள்ள மோன்சூரி ஆய்வகத்தில் 1876 முதல் பல பத்தாண்டுகள் தினமும் ஓசோன் அளந்திருக்கிறார்கள். அந்தக் குறிப்புகளை 1988இல் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தபோது அன்றைய அளவு சுமார் 10 பிபிபி என்று வந்தது. அந்தக் கால அளவுகளில் சர்ச்சை உண்டு, இருந்தாலும் அன்றைக்கு இப்போதைவிடக் குறைவு என்பதில் சந்தேகமில்லை. இந்த ஏற்றத்தில் மீத்தேனுக்கும் பங்கு இருக்கிறது. அதுவும் ஒரு கரிம வாயுதான், மிக மெதுவாக வினைபுரிகிறது, அதனால் எந்த ஊரிலும் திடீரென ஓசோனை ஏற்றாது, உலகம் முழுக்கப் பரவி அடித்தளத்தையே கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கும்.

மூன்று ஸ்டார் எதற்கு என்று கேட்டால், வளைவுக்கு. ஆப்பில் ஒரு நாள் முழுவதின் கோடு வரும், அதைப் பார்ப்பதற்காகவே இதை வாங்கலாம். விடியும் முன் அடியில் கிடக்கும். காலை நெரிசலில் இன்னும் கொஞ்சம் அமுங்கும், காரணம் மேலே சொன்ன நைட்ரிக் ஆக்ஸைடு. வெயில் ஏறியதும் வேகமாக எழும். அந்த எழுச்சி முழுக்க அன்றைய வேதியியல் அல்ல. இரவில் தரையோடு ஒட்டிய காற்று மெல்லிய அடுக்காக அடங்கிவிட, அதற்கு மேலே நேற்றைய ஓசோன் அழியாமல் மிதந்துகொண்டிருக்கும். தரை சூடானதும் இரண்டும் கலக்கும், நேற்றைய சரக்கு கீழே இறங்கும். பிற்பகல் இரண்டிலிருந்து நாலு மணிவாக்கில் உச்சம். அப்புறம் சரிவு, வெயில் போனதும் உற்பத்தி நின்றுவிடும், இலை, மண், சுவர் எல்லாமே ஓசோனை உறிஞ்சும். இரவில் மலை உச்சியில் வைத்துப் பார்த்தால் கோடு இவ்வளவு கீழே விழாது, அந்த மேலடுக்குக்குள்ளேயே நீங்கள் நிற்கிறீர்கள். மேகமூட்ட நாளில் கோடு படுத்தே கிடக்கும். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, தானாக வரைந்துகொண்டு போகிற கோட்டில் பார்ப்பது வேறு, இந்த ஒரு விஷயத்தில் மீட்டரை மனதாரப் பாராட்டுகிறேன்.

விடுமுறை நாளின் கோடு இன்னும் சுவாரசியம். வண்டிகள் குறைவு, ஆனால் ஓசோன் வார நாளைவிடக் கூடுதலாக நிற்பதைப் பல நாள் பார்த்தேன். இது புதுசு இல்லை, கலிஃபோர்னியாவில் பல பத்தாண்டுகளாகக் கவனித்த விஷயம், 2020 ஊரடங்கின்போதும் பல நகரங்களில் நைட்ரஜன் டை ஆக்ஸைடு சரிய, ஓசோன் ஏறியது. நகர மையத்தில் நைட்ரஜன் ஆக்ஸைடு, அதாவது நைட்ரிக் ஆக்ஸைடும் டை ஆக்ஸைடும் சேர்ந்த கூட்டு, அளவுக்கு மீறி இருக்கும். அது ஓசோனையும் தின்னும், ஹைட்ராக்ஸிலையும் பிடித்து நைட்ரிக் அமிலமாக்கிச் சக்கரத்தை நிறுத்திவிடும். அங்கே நைட்ரஜன் ஆக்ஸைடைக் கொஞ்சம் குறைத்தால் இந்த இரண்டு தடையும் தளர்கிறது, ஓசோன் ஏறுகிறது. அந்த நிலையில் உடனே பலன் தருவது கரிம வாயுக்களைக் குறைப்பதுதான். ஊருக்கு வெளியே நிலைமை தலைகீழ், மரங்கள் விடுகிற கரிம வாயு தாராளமாக இருக்கும், நைட்ரஜன் ஆக்ஸைடுதான் பற்றாக்குறை, அங்கே அதைக் குறைத்தால் ஓசோன் நேராகக் குறையும். வண்டியைக் குறைத்தால் ஓசோன் கூடுகிறதே, அப்படியானால் வண்டி நல்லது என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். அப்படி இல்லை ஐயா. கொஞ்சமாகக் குறைத்தால்தான் இந்தக் கூத்து, நன்றாகக் குறைத்தால் நகரத்திலும் இறங்கியே தீரும். தவிர, நைட்ரஜன் டை ஆக்ஸைடு நுரையீரலுக்கு நல்லது என்று யாரும் சொன்னதில்லை.

குளிர்காலத்தில் அணைத்து வைத்துவிடலாம், பேட்டரி மிச்சம் என்கிறது கையேடு. பொதுவாக உண்மைதான், சூடு ஏறினால் எரிபொருள் ஆவியாவது கூடும், மரங்கள் ஐசோப்ரீனைக் கூடுதலாக விடும், அதனால்தான் ஓசோன் என்றால் கோடை. ஆனால் அடிப்படையில் வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. அமெரிக்காவின் வயோமிங்கில் எண்ணெய், எரிவாயு வயல்கள் இருக்கிற ஒரு பள்ளத்தாக்கில் உறைபனிக் காலத்தில், பிப்ரவரியில், 100 பிபிபிக்கு மேல் போயிருக்கிறது. தரை முழுக்கப் பனி, அது வெயிலைத் திருப்பி அடிக்கிறது, குளிர்ந்த காற்று மூடிபோட்ட மாதிரி அசையாமல் நிற்கிறது, கிணறுகளிலிருந்து கசிகிற வாயு அதற்குள் அடைபட்டுக் கிடக்கிறது. வேறென்ன வேண்டும்.

இந்த இடத்தில் ஹாகன்-ஸ்மிட்டைப் பற்றிச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. 1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸில் கண் எரிகிற மூட்டம் இறங்கியபோது, போர்க்காலம் வேறு, ஜப்பான் விஷவாயு போட்டுவிட்டது என்றே சிலர் பயந்தார்களாம். பிறகு ஒரு செயற்கை ரப்பர் ஆலை மேல் பழி விழுந்தது, அதை நிறுத்திப் பார்த்தும் மூட்டம் போகவில்லை. ஆரி ஹாகன்-ஸ்மிட் அன்னாசிப் பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியலாளர். 1950களின் தொடக்கத்தில் அவர்தான் வண்டிப்புகை, எண்ணெய் ஆலை ஆவி, நைட்ரஜன் ஆக்ஸைடு, வெயில் என்று நாலையும் சேர்த்து, மூட்டத்தில் இருப்பது ஓசோன், அது காற்றிலேயே உண்டாகிறது என்று காட்டினார். அவர் ஓசோனை அளந்தது எப்படித் தெரியுமா, ரப்பர் துண்டை வளைத்துக் கட்டி வைத்து, எத்தனை நிமிடத்தில் வெடிப்பு விழுகிறது என்று பார்த்து. ஓசோன் ரப்பரின் இரட்டைப் பிணைப்பை உடைக்கும், இழுத்துப் பிடித்த இடத்தில் விரிசல் விடும். 'புதிய காற்று' பட்டன் எதுவும் அந்த ரப்பரில் கிடையாது. 1968இல் கலிஃபோர்னியாவின் காற்றுவள வாரியத்துக்கு முதல் தலைவரானதும் அவரே.

இந்த ரப்பர் விஷயத்தில்தான் மீட்டரின் அடுத்த குறை. காற்று உள்ளே போகிற துவாரத்தைச் சுற்றி மெத்தென்ற ரப்பர் வளையம் வைத்திருக்கிறார்கள், கீழே விழுந்தால் உடையாமல் இருக்க. ஓசோனைத் தின்கிற பொருளை ஓசோன் நுழைகிற வாசலிலேயே வைத்திருக்கிறார்கள்! அரசு நிலையங்களில் உள்ள பெரிய கருவிகளில் குழாய் எல்லாம் டெஃப்ளான், காரணம் இதுதான். அந்தக் கருவிகள் அளப்பதும் வேறு முறையில், பாதரச விளக்கின் 254 நானோமீட்டர் ஒளியைக் காற்றுக்குள் செலுத்தி எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார்கள், இந்தக் குட்டி செல்லோடு ஒப்பிடவே கூடாது. அருகில் உள்ள நிலையத்தின் எண்ணோடு வைத்துப் பார்த்தால் என் மீட்டரின் கோட்டின் வடிவம் நன்றாகவே பொருந்துகிறது, எண் பொருந்துவதில்லை, பெரும்பாலும் குறைவாகவே காட்டுகிறது. தூசி படிந்தால் இன்னும் குறையும். வாசலை அவ்வப்போது உலர்ந்த தூரிகையால் துடையுங்கள்.

சட்டைப் பையில் குத்திக்கொள்ள ஒரு கிளிப்பும் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பயன்படுத்தாதீர்கள். மனிதத் தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசையோடு ஓசோன் வினைபுரிந்து அழிந்துவிடும், நாமே நடமாடும் ஓசோன் உறிஞ்சிகள்தான், உடம்போடு ஒட்டி வைத்தால் குறைவாகத்தான் வரும். நிழலில், காற்றோட்டமாக, ஆளுயரத்தில் எங்காவது தொங்கவிடுங்கள். நேர் வெயிலில் வைத்தால் பெட்டி சூடாகி எண் தாறுமாறாகும். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த உடனே ஒரு பெரிய பாய்ச்சல் காட்டும், அது ஓசோன் இல்லை, ஈரப்பதம் சட்டென்று மாறியதில் செல்லுக்கு வந்த தடுமாற்றம், கொஞ்ச நேரம் பொறுத்தால் அடங்கிவிடும். போட்டதும் ஐந்து நிமிடத்தில் தயார் என்பதையும் நம்ப வேண்டாம், நீண்ட நாள் அணைத்து வைத்திருந்தால் பல மணி நேரம் ஆகிறது. அணைக்காமலேயே வைத்திருப்பது உத்தமம்.

ஆப்பின் நிறங்களுக்கும் என் கண்டனம். ஒரு நிமிட எண்ணை வைத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாற்றிக்கொண்டே இருக்கிறது. உலக சுகாதார அமைப்பு 2021இல் சொன்ன அளவு 8 மணி நேரச் சராசரிக்கு, கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம். சாதாரண வெப்பநிலையில் ஒரு பிபிபி சுமார் இரண்டு மைக்ரோகிராம் என்பதால் அது ஏறக்குறைய 50 பிபிபி. ஒரு நிமிடம் 60 வந்ததற்காகப் பதறவும் வேண்டாம், ஒரு நிமிடம் 30 வந்ததை வைத்து நிம்மதியாகவும் வேண்டாம், 8 மணி நேரச் சராசரியை ஆப் தானே போட்டுக் காட்டியிருக்க வேண்டும். இல்லை. கோப்பாக இறக்கிக்கொண்டு நாம்தான் போட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள், வெளியில் வேலை செய்கிறவர்கள், விளையாடுகிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்தச் சராசரிதான் உபயோகமான எண். ஓட்டப் பயிற்சியைப் பிற்பகலிலிருந்து காலைக்கு மாற்றச் சொல்வதற்கும் கோடு ஒன்றே போதும். தூசிக்குப் போடுகிற முகக்கவசம் இதற்கு உதவாது, ஓசோன் வாயு, அது நேராக உள்ளே போய்விடும்.

வீட்டுக்குள் மீட்டர் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில்தான் நிற்கும், ஜன்னல் மூடியிருந்தால் சுவரும் திரைச்சீலையும் அழித்துவிடும். ஆனால் வீட்டுக்குள்தான் இது எனக்குக் காசுக்கு ஈடான வேலை ஒன்றைச் செய்தது. காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றில் 'அயனி' என்று ஒரு பட்டன் இருந்தது, அதைப் போட்டதும் எண் ஏற ஆரம்பித்தது, அணைத்ததும் இறங்கியது, திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாலும் அதேதான். உயர் மின்னழுத்தம் ஆக்ஸிஜனை உடைத்தால் ஓசோன் வரும், சில பழைய லேசர் பிரிண்டரிலும் நகல் இயந்திரத்திலும் இதே கதை. கலிஃபோர்னியாவில் வீட்டுச் சுத்திகரிப்பான்கள் 50 பிபிபிக்கு மேல் ஓசோன் வெளிவிடக் கூடாது என்று விதியே இருக்கிறது. கிருமியைக் கொல்ல வேண்டுமென்றே ஓசோனை உண்டாக்குகிற இயந்திரங்களும் சுத்திகரிப்பான் என்ற பெயரில் விற்கிறார்கள், ஆள் இருக்கிற அறையில் அதைப் போடவே கூடாது. ஒரு எச்சரிக்கை, எலுமிச்சை வாசனைத் தரை துடைப்பான் போட்ட அறையில் எண் சட்டென்று இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். அந்த வாசனையில் இருக்கிற லிமோனீன் ஓசோனோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடையும் மிக நுண்ணிய துகள்களையும் தரும், அவை எதையும் இந்த மீட்டருக்குப் பார்க்கத் தெரியாது.

மீதி அரை ஸ்டார் செல்லுக்காகப் போனது. இந்த வகை செல்கள் பொதுவாக இரண்டு ஆண்டு போல உழைக்கும், அதற்குள்ளேயே உணர்திறன் மெல்லக் குறைந்துகொண்டு வரும். மாற்று செல் தனியாகக் கிடைக்குமா என்று விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டேன், புது மீட்டர் வாங்கத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள். நீங்கள் வாங்குவதாக இருந்தால் இரண்டு செல் உள்ள மாடல்தானா, செல்லைக் கழற்றி மாற்ற முடியுமா, இந்த இரண்டையும் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.